கருவி பொது, திண்ணை அவரவர்க்கு

2019 ஜூலை 4 அன்று காப் என்ற அமெரிக்கச் சமூக வலைத்தளம் தன் பழைய மென்பொருளைக் கைவிட்டு மாஸ்டடானுக்கு மாறியது. மாஸ்டடான், ஜெர்மனியில் ஓய்கன் ரோஷ்கோ என்ற இளைஞர் 2016இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் அதை இறக்கித் தம் சர்வரில் நிறுவி, ட்விட்டர் போன்ற ஒரு தளத்தை நடத்தலாம். அப்படி நடக்கும் ஆயிரக்கணக்கான தளங்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும். காப் வேறு வகை. பேச்சுக்குத் தடையில்லை என்று சொல்லி 2016இல் தொடங்கிய அது, சீக்கிரமே வெள்ளை இனவாதிகளின் கூடாரமாகிவிட்டது. 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் நகரின் யூத வழிபாட்டுக் கூடத்தில் 11 பேரைச் சுட்டுக் கொன்றவன், புறப்படுமுன் கடைசியாக எழுதியது அங்கேதான். அதன் பிறகு பேபால், ஸ்டிரைப், கோடாடி என்று ஒவ்வொரு நிறுவனமாகக் காப்பைக் கைகழுவின. ஆப்பிள், கூகுள் செயலிக் கடைகளில் அதற்கு ஏற்கெனவே இடமில்லை. மாஸ்டடானுக்கோ பல செயலிகள் அந்தக் கடைகளில் இருந்தன. தானும் மாஸ்டடானாகிவிட்டால் அந்தச் செயலிகளின் வழியாகவே உறுப்பினர்கள் கைபேசியில் உள்ளே வந்துவிடலாம் என்பது காப்பின் கணக்கு.

மாஸ்டடான் உலகம் ஆடிப்போனது. வெறுப்புப் பேச்சுக்கு அஞ்சி ட்விட்டரிலிருந்து ஒதுங்கி வந்த பலர் அங்கே இருந்தார்கள். இந்த மென்பொருளைக் காப் பயன்படுத்தக் கூடாது என்று உரிமத்திலேயே எழுதிவைக்க முடியாதா என்றார்கள் சிலர். கட்டற்ற மென்பொருள் என்று பெயர் வைத்துக்கொண்டு எங்களை மட்டும் தள்ளிவைப்பது போலித்தனம் என்றார்கள் எதிர்த்தரப்பினர். இரண்டு தரப்புக்கும் அடியில் ஒரே அனுமானம்தான். மென்பொருள் சுதந்திரமும் தளத்தில் பேசும் சுதந்திரமும் ஒன்றே, ஒன்றைக் கொடுத்தால் மற்றதையும் கொடுத்தாக வேண்டும் என்ற அனுமானம் அது. இது தவறு என்பதற்குக் கடந்த நாற்பதாண்டு வரலாறே சான்று. இரண்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஆனால் அந்த உறவைக் கருவி யாருடையது, இடம் யாருடையது என்ற பிரிவினையில் தேட வேண்டும். உரிமத்தின் வாசகத்தில் தேடினால் கிடைக்காது.

முதலில் கருவி. 1970களில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வேலை பார்த்தபோது, நிரல்கள் கேட்டவருக்கெல்லாம் கைமாறிக்கொண்டிருந்தன. அந்தப் பழக்கம் அவர் கண்முன்னே குலைந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த பிரையன் ரீட், தாம் எழுதிய ஸ்கிரைப் என்ற ஆவணத் தயாரிப்பு மென்பொருளை 1979இல் யூனிலாஜிக் என்ற நிறுவனத்துக்கு விற்றார். காசு கொடுக்காமல் நகலெடுத்தவர்களிடம் 90 நாளில் அது தானாகவே முடங்கிப் போகும்படி நிரலுக்குள் ஒரு பொறி வைக்கப்பட்டது. ஸ்டால்மனால் இதைப் பொறுக்க முடியவில்லை. மனிதகுலத்துக்கே இழைத்த குற்றம் என்ற அளவுக்குத் திட்டினார். இப்படிச் சேர்ந்த கோபங்களின் முடிவில்தான் 1983 செப்டம்பர் 27 அன்று கட்டற்ற இயங்குதளத்துக்கான குனு திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும், 1989இல் ஜி.பி.எல். உரிமமும் வந்தன. ரீட் என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும். அவர் திரும்ப வருவார், சற்றும் எதிர்பாராத வேடத்தில்.

கட்டற்ற மென்பொருளின் இலக்கணமாக நான்கு சுதந்திரங்களைச் சொல்வார்கள். எந்த நோக்கத்துக்கும் இயக்குவது, உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து மாற்றுவது, நகலெடுத்துப் பிறருக்குக் கொடுப்பது, மாற்றியதையும் கொடுப்பது. இவற்றில் முதலாவதற்கு 0 என்று எண். 1986இல் வெளியான முதல் வரையறையில் அது இல்லவே இல்லை. நகலெடுப்பதும் மாற்றுவதும் மட்டுமே பேசப்பட்டன. இயக்கும் உரிமையைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றே அன்று யாருக்கும் தோன்றவில்லை. பின்னாளில் அதைச் சேர்த்தபோது, மற்றவற்றுக்கு முந்தியது என்பதால் சுழியத்தைக் கொடுத்தார்கள். இந்த நான்கில் எதுவும் பேச்சைப் பற்றியதில்லை. நீ சொல்வதை ஒருவர் கேட்டாக வேண்டும் என்றோ, இன்னொருவர் தம் இயந்திரத்தில் ஏற்றிச் சுமந்தாக வேண்டும் என்றோ ஒரு வரி கிடையாது. உன் கையில் உள்ள கருவியை ஒருவனும் பிடுங்க முடியாது, அவ்வளவுதான்.

அந்தச் சுழியத்தைக் கொஞ்சம் திருத்தினால் என்ன என்ற ஆசை பழையது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம், மின்னணுச் சுற்றுகளை வடிவமைக்க உதவும் ஒரு மென்பொருளின் உரிமத்தில் தென்னாப்பிரிக்கக் காவல் துறை இதைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதிவைத்திருந்தது. நிறவெறி ஆட்சியை எதிர்க்கும் நல்ல மனதோடு எழுதியதுதான். நிறவெறி ஆட்சி வீழ்ந்தது, மண்டேலா குடியரசுத் தலைவரானார், காவல் துறையும் புதிய அரசின் கீழ் வந்தது. உரிமத்தின் வரி மட்டும் அப்படியே நின்றது. பழைய நகலை வைத்திருந்தவர்களும், அதிலிருந்து புதியன உருவாக்கியவர்களும் அந்தத் தடையைச் சுமந்தே தீர வேண்டியிருந்தது. 1997இல் டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத் திட்டத்துக்கு மென்பொருள் நெறிகளை வகுத்த புரூஸ் பெரன்ஸ் இதை உதாரணம் காட்டித்தான் நபர்களிடமோ குழுக்களிடமோ பாகுபாடு கூடாது என்ற விதிக்கு நியாயம் சொன்னார். அடுத்த விதி பயன்பாட்டுத் துறைகளிடையேயும் பாகுபாடு கூடாது என்றது. கருக்கலைப்பு மருத்துவமனையும் கருக்கலைப்பை எதிர்க்கும் அமைப்பும் ஒரே மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் தந்த விளக்கம். அமெரிக்காவில் இதைவிடக் கூர்மையான உதாரணம் கிடைப்பது கடினம். டக்ளஸ் கிராக்ஃபோர்ட் தம் ஜேசன் நிரலின் உரிமத்தில் நன்மைக்கு மட்டும், தீமைக்கு அல்ல என்று ஒரு வரி சேர்த்தபோது, டெபியன் அதைக் கட்டற்றதாக ஏற்க மறுத்துவிட்டது. தீமை எது என்று யார் தீர்ப்பது?

கருவிக்கும் பேச்சுக்கும் நேரடி உறவு ஒன்று 1990களில் நீதிமன்றங்களில் நிறுவப்பட்டது. ரகசியக் குறியீட்டு நிரல்களை அமெரிக்க அரசு அப்போது ஆயுதப் பட்டியலில் வைத்திருந்தது. வெளிநாட்டவருக்குக் கொடுத்தால் ஆயுதக் கடத்தல். பெர்க்லி மாணவர் டேனியல் பெர்ன்ஸ்டைன் தம் ஸ்னஃபிள் நிரலை வெளியிடும் உரிமை கோரி 1995இல் வழக்குப் போட்டார். மூலநிரலும் பேச்சே, அரசியல் சட்டத்தின் பாதுகாப்பு அதற்கும் உண்டு என்று 1996இல் நீதிபதி மேரிலின் ஹால் பட்டேல் தீர்ப்பளித்தார். ஃபில் சிம்மர்மனின் பி.ஜி.பி. நிரலை எம்.ஐ.டி. அச்சகம் 1995இல் முழுக்க முழுக்கப் புத்தகமாகவே போட்டது. கணினிக் கோப்பாக அனுப்பினால் குற்றம், காகிதத்தில் அச்சிட்டால் நூல். பின்னர் வந்த பதிப்பை இதே முறையில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்ப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து மீண்டும் நிரலாக்கினார்கள். ஆனால் இந்த வெற்றிக்கு எல்லை உண்டு. டிவிடி பூட்டைத் திறக்கும் டி.சி.எஸ்.எஸ். நிரல் வழக்கில், நிரல் பேச்சுதான், ஆனாலும் அது செய்யும் வேலைக்காகத் தடுக்கலாம் என்று 2001இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. எப்படியானாலும் இந்த வழக்குகள் காத்தது நிரலரின் பேச்சை. அந்த நிரலில் ஓடும் தளத்தில் பேசுகிறவரின் கதையை அறிய யூஸ்நெட்டுக்குப் போக வேண்டும்.

1979இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் திட்டமிட்ட யூஸ்நெட்டுக்கு மையம் என்று ஒன்று கிடையாது. இரவில் தொலைபேசிக் கட்டணம் குறைந்த நேரத்தில் ஒரு பல்கலைக்கழகக் கணினி இன்னொன்றை அழைக்கும். தன்னிடம் சேர்ந்த பதிவுகளைக் கொடுத்து, அங்கே சேர்ந்ததை வாங்கிக்கொள்ளும். செய்தி மென்பொருள் மூலநிரலோடு கைமாறியது. எந்தத் தளமும் அதை நிறுவலாம். ஆனால் எந்தக் குழுமத்தின் பதிவுகளைச் சுமப்பது என்பதை அந்தந்தத் தள நிர்வாகி தீர்மானித்தார், ஏனென்றால் தொலைபேசிக் கட்டணம் அவர் கணக்கில் விழுந்தது. பெரும் பகுதிச் சுமையைத் தாங்கிய சில பெரிய தளங்களின் நிர்வாகிகள் இயல்பாகவே அதிகாரம் பெற்றார்கள். 1986-87இல் அவர்கள் எல்லாக் குழுமங்களுக்கும் பெயர் மாற்றி ஏழு கிளைகளாகப் பிரித்தார்கள். சச்சரவுக் குழுமங்களையெல்லாம் ஒரு கிளையில் ஒதுக்கிவிட்டால், கடல் கடந்து காசு செலவழிக்கும் ஐரோப்பியத் தளங்கள் அந்தக் கிளையை மட்டும் வெட்டிக்கொள்ளலாம் அல்லவா?

இந்த ஏற்பாடு பிடிக்காதவர்களில் ஒருவர் ஜான் கில்மோர். போதைப்பொருள் பற்றி ஒரு குழுமம் வேண்டும் என்று அவர் கேட்டார். பெரிய தளங்கள் சுமக்க மறுத்தன. இன்னொருவர் தம் சமையல் குறிப்புக் குழுமத்துக்குக் கேட்காமல் பெயர் மாற்றியதில் எரிச்சலுற்றவர். அவர்தான் ஸ்கிரைப்பை விற்ற அதே பிரையன் ரீட். 1987 மே 7 அன்று இவர்களும் கார்டன் மொஃபட் என்பவரும் கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில் ஓர் உணவகத்தில் கூடி, பெரிய தளங்களின் வழியே போகாத தனிக் கிளை ஒன்றைத் தொடங்கினார்கள். ஆல்ட் என்று அதற்குப் பெயர். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சுமக்க விரும்பும் தளங்கள் தங்களுக்குள் இணைப்பு வைத்துக்கொண்டால் போதும். அடுத்த ஆண்டு அதில் பாலியலுக்கும் ஒரு குழுமம் வந்தது. போதையும் பாலியலும் வந்துவிட்ட பிறகு ராக் இசையை விட்டுவைப்பானேன் என்று ரீட் அதற்கும் ஒரு குழுமம் தொடங்கினார். சில ஆண்டுகளில் ஆல்ட் கிளை மற்றவற்றை விஞ்சி வளர்ந்தது. பெரிய தளங்களின் கூட்டணி கலைந்துபோனது.

அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று பாருங்கள். கில்மோர் 1989இல் கட்டற்ற மென்பொருளையே தொழிலாகக் கொண்ட சிக்னஸ் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரானார். 1990இல் இணைய உரிமைகளுக்கான இ.எஃப்.எஃப். அமைப்பைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். எதிரே இருந்தவரோ ஸ்டால்மனின் சாபத்துக்கு ஆளானவர். நிரலைப் பூட்டி விற்றவர் பேச்சுக்கு ஒரு திறந்தவெளியைக் கட்டினார் என்றால், ஒரு கொள்கை இருந்தால் மற்றதும் தானாக வரும் என்ற வாதம் அங்கேயே விழுகிறது. ஆல்ட் கிளைக்கு உயிர் கொடுத்தது யாருடைய கொள்கையும் அல்ல. மென்பொருள் எல்லாரிடமும் இருந்தது, இணைப்பை அவரவர் தேர்ந்துகொள்ள முடிந்தது, போதும். கில்மோரின் குழுமத்தைச் சுமக்க மறுத்த தளங்களை எவரும் கட்டாயப்படுத்தவில்லை. கில்மோரும் அதைக் கோரவில்லை. அவர் தம்முடைய வழியைத் தாமே போட்டுக்கொண்டார். நம் ஊர்த் திண்ணை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். வழிப்போக்கர் உட்காரலாம், வம்பளக்கலாம், வீட்டுக்காரர் எழுந்து போகச் சொன்னால் போக வேண்டும். ஆனால் தெருவில் இருப்பது ஒரே திண்ணை இல்லை, புதிதாக ஒன்று கட்டிக்கொள்ளத் தச்சரையும் கொத்தரையும் யாரும் தடுப்பதில்லை.

2000களின் பிற்பாதியில் தெருவே ஒருவர் கைக்குப் போனது. ஃபேஸ்புக், ட்விட்டர், யூடியூப் ஆகியவற்றில் நிரலும் சர்வரும் பயனர் பட்டியலும் ஒரே நிறுவனத்தின் சொத்து. இதில் ஒரு வேடிக்கை, இந்த நிறுவனங்கள் வளர்ந்ததே லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களின் மேல்தான். ஜி.பி.எல். உரிமம் நிரலின் நகலைப் பிறருக்குக் கொடுக்கும்போதுதான் மூலநிரலையும் கொடுக்கச் சொல்கிறது. சர்வரில் வைத்து இயக்கி, சேவையை மட்டும் கொடுத்தால் அந்தக் கடமை எழுவதில்லை. இந்த ஓட்டையை அடைக்க 2007 நவம்பரில் அஃபேரோ ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு வந்தது: பிணையத்தின் வழியே பயன்படுத்துகிறவருக்கும் மூலநிரல் கிடைக்க வேண்டும். 2008இல் எவன் புரோட்ரமோ தொடங்கிய ஐடென்டிகா, அதிலிருந்து வந்த குனு சோஷியல், பிறகு மாஸ்டடான் என்று ஒரு பரம்பரை இந்த உரிமத்தின் கீழ் வளர்ந்தது. இந்தத் தளங்கள் பேசிக்கொள்ளும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையை 2018 ஜனவரியில் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி தரமாக அறிவித்தது. யூஸ்நெட்டின் அமைப்பு புது உடையில் திரும்பிவிட்டது என்று சொல்லலாம்.

பழைய சிக்கல்களும் கூடவே திரும்பின. 2017 ஏப்ரலில் ஜப்பானின் பிக்சிவ் நிறுவனம் பாவூ என்ற மாஸ்டடான் சர்வரைத் தொடங்கியது. விரைவில் மிகப் பெரிய சர்வர்களில் ஒன்றாகிவிட்டது. சிறுவர் உருவங்களைப் பாலியல் நோக்கில் வரைந்த சித்திரங்கள் அங்கே பரவலாக இருந்தன. ஜப்பானியச் சட்டத்தில் அவற்றுக்கு இடமுண்டு, பல மேற்கத்திய நாடுகளில் அவை சிக்கலுக்குரியவை. மேற்கத்திய சர்வர்களில் பல பாவூவின் படங்களைத் தம் இயந்திரத்தில் ஏற்க மறுத்தன. சில முழுவதுமாகவே துண்டித்துக்கொண்டன. பாவூ மூடப்படவில்லை. ஜப்பானியர்கள் தங்களுக்குள் வரைந்துகொண்டிருந்தார்கள். ஒரே நிறுவனம் உலகம் முழுவதற்கும் ஒரே விதி போட வேண்டியிருந்தால் இரு நாட்டாரில் ஒருவர் தோற்றிருப்பார். இங்கே யாரும் தோற்கவில்லை, சேர்ந்திருப்பதை மட்டும் விட்டார்கள்.

காப் வந்தபோதும் நடந்தது இதுவே. காப்பின் திட்டத்துக்கும் சித்தாந்தத்துக்கும் தாம் முற்றிலும் எதிரி என்று மாஸ்டடான் திட்டம் அறிக்கை விட்டது. உரிமத்தில் கைவைக்கவில்லை, வைக்க முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். பெரும்பாலான சர்வர்கள் காப்பின் முகவரியைத் தடைப்பட்டியலில் சேர்த்தன. டஸ்கி என்ற செயலியில் காப் கணக்கோடு நுழைய முயன்றவர்களுக்கு ரிக் ஆஸ்ட்லியின் பழைய பாப் பாட்டு ஒன்று ஓடியது. இணைய உலகில் ஆளை முட்டாளாக்கும் பழைய குறும்பு இது. எல்லாச் செயலிகளும் இப்படிச் செய்யவில்லை. டஸ்கியும் கட்டற்றது என்பதால், அந்தத் தடை வரிகளை நீக்கிவிட்டு வேறு பெயரில் வெளியிடும் உரிமை எவருக்கும் இருந்தது. கட்டற்ற செயலிகளின் களஞ்சியமான எஃப்-டிராய்டு, காப்பை விளம்பரப்படுத்தும் செயலிகளைத் தான் வைக்கப்போவதில்லை என்றது. சுற்றிலும் கதவுகள் சாத்தப்பட்டிருந்தன. பிற சர்வர்களோடு பேசும் வசதியைப் பின்னர் காப்பே நிறுத்திக்கொண்டது. மென்பொருள் அவர்களிடமே இருந்தது, தளமும் ஓடியது.

இதைப் போலித்தனம் என்பவர்களுக்கு என் பதில் எளிது. காப்பின் ஒரு வரி நிரலைக்கூட யாரும் பறிக்கவில்லை. ஸ்டால்மன் கொடுத்த நான்கு சுதந்திரங்களும் காப்புக்கு முழுமையாகக் கிடைத்தன. கிடைக்காதது பிறர் சர்வர்களில் இடம். அதை எந்தக் கட்டற்ற உரிமமும் எவருக்கும் வாக்களித்ததில்லை. சுமக்க மறுப்பதும் பேச்சுரிமையின் ஒரு பகுதி. எனக்குப் பிடிக்காததை என் செலவில் பரப்பு என்று என்னைக் கட்டாயப்படுத்தினால் என் சுதந்திரம் எங்கே போயிற்று?

எதிர்முனையிலிருந்து வரும் கேள்வி கனமானது. இனவாதிக்கும் அதே கருவி கிடைப்பதில் என்ன நியாயம்? 2019இல் கொரலைன் அடா எம்கே மனித உரிமை மீறல்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு ஹிப்போகிரட்டிக் உரிமத்தை எழுதினார். அமெரிக்கக் குடிவரவுத் துறை குடும்பங்களைப் பிரித்துக் குழந்தைகளைத் தடுப்புக்காவலில் வைத்ததை நிரலர்கள் பார்த்துக் கொதித்திருந்த காலம் அது. அந்தக் கோபத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் உரிமம் மெதுவான ஆயுதம், எழுதியபின் திருத்த முடியாதது. தென்னாப்பிரிக்கக் காவல் துறைக்கான வரி ஆட்சி மாறிய பின்னும் உயிரோடிருந்ததைக் கண்டோம். அதை அமல்படுத்த நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், போகப் பணம் வேண்டும். சித்திரவதை செய்யத் துணிந்த அரசு உரிமத்தைப் படித்துத் திருந்தும் என்று நம்புவதற்கு அப்பாவித்தனமும் வேண்டும். ஒவ்வொரு நிரலரும் தமக்குப் பிடிக்காதவரை விலக்கத் தொடங்கினால் முதலில் அடிபடுகிறவர்கள் வலிமையில்லாதவர்கள்தான். இனவாதியை விலக்கும் வரியை எழுதும் பேனா நாளை பால்புதுமையரை விலக்கும் வரியையும் எழுதும். சர்வர் நிர்வாகியின் தடைப்பட்டியலோ ஒரு நொடியில் போடவும் எடுக்கவும் கூடியது. அதன் எல்லையும் அவருடைய இயந்திரத்தோடு முடிகிறது.

உரிமத்தின் பலம் வேறிடத்தில் இருக்கிறது என்பதை 2021 அக்டோபர் காட்டியது. ட்விட்டரிலிருந்து நீக்கப்பட்ட டொனால்டு டிரம்ப்பின் நிறுவனம் ட்ரூத் சோஷியல் என்ற தளத்தை அறிவித்தது. சோதனைப் பக்கத்தை எட்டிப் பார்த்தவர்களுக்கு அது மாஸ்டடானின் நகல் என்று உடனே தெரிந்துவிட்டது. மூலநிரல் எங்கும் கொடுக்கப்படவில்லை. நிரல் முழுவதும் தங்கள் சொத்து என்று நிபந்தனைகள் கூறின. தளத்தையே இழிவுபடுத்திப் பேசக் கூடாது என்ற நிபந்தனையும் அங்கே இருந்தது. பேச்சுரிமைக்காகத் தொடங்கும் தளத்துக்கு இது அழகான தொடக்கம்! டிரம்ப் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று மாஸ்டடானும் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற கட்டற்ற மென்பொருள் அமைப்பும் கேட்கவில்லை. மூலநிரலைக் கொடு, இல்லையென்றால் 30 நாளில் உரிமம் போய்விடும் என்றார்கள். நவம்பரில் தளத்தின் ஒரு மூலையில் மூலநிரல் சுருக்கப்பட்ட கோப்பாக வந்து உட்கார்ந்தது. குடியரசுத் தலைவராக இருந்தவரானாலும் மற்றவருக்குள்ள அதே உரிமை, அதே கடமை.

கேட்க ஆளில்லாத இடத்தில் பேசும் உரிமையால் என்ன பயன் என்று கேட்கலாம். கோடிக்கணக்கானோர் ஒரே தளத்தில் இருக்கும்போது, போய் வேறு சர்வர் வைத்துக்கொள் என்பது காட்டில் போய்க் கத்து என்பதற்குச் சமம் அல்லவா? இந்த எதிர்வாதத்தில் உண்மை இருக்கிறது. அதனால்தான் நிரலைத் திறந்துவிடுவது மட்டும் போதாது என்கிறேன். ரெட்டிட் 2008 முதல் 2017 வரை தன் மூலநிரலைத் திறந்தே வைத்திருந்தது. அதை இறக்கி இன்னொரு தளம் நடத்த யாருக்கும் தடையில்லை. ஆனால் ரெட்டிட்டில் இருப்பவர்களோடு அங்கிருந்து பேச வழியில்லை. 2023இல் வெளிச் செயலிகளுக்கு அது கட்டணம் விதித்தபோது, ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் ஆகும் என்று கணக்கிட்ட அப்பல்லோ செயலி இழுத்து மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குழுக்கள் சில நாள் கதவடைத்துப் போராடிவிட்டுத் திரும்பின. போக இடமில்லை. எலான் மஸ்க் பேச்சுரிமையைக் காப்பதாகச் சொல்லி 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கினார். 2023 மார்ச் 31 அன்று அதன் பரிந்துரை நிரலை வெளியிட்டார், அதுவும் மாஸ்டடானின் அதே அஃபேரோ உரிமத்தில். பயிற்சித் தரவு இல்லாத அந்த நிரலை வைத்து யாரும் எதையும் நடத்த முடியவில்லை. அதற்கு மூன்றரை மாதம் முன்பு, 2022 டிசம்பரில், இதே ட்விட்டர் மாஸ்டடானின் கணக்கை முடக்கியது. மாஸ்டடான் முகவரிகளைப் பகிரவும் தடை போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. ஒரு தள முதலாளி உண்மையில் அஞ்சுவது எதற்கு என்பதை அந்தத் தடை காட்டிக்கொடுத்தது. எந்தக் கருத்துக்கும் அஞ்சவில்லை. ஆட்கள் கூட்டமாக வெளியேறும் வழிக்கு அஞ்சினார்.

வெளியேறும் வழியிலும் சாவடிகள் உண்டு. வெறுப்புப் பேச்சைக் காரணம் காட்டி 2020 ஆகஸ்டில் ஃபெடிலேப் உள்ளிட்ட சில மாஸ்டடான் செயலிகளை நீக்கப்போவதாகக் கூகுள் எச்சரித்தது. அந்தச் செயலிகள் உலாவியைப் போல எந்த சர்வரையும் காட்டக்கூடியவை. அந்தக் கணக்கில் பார்த்தால் கூகுள் தன் குரோமையும் நீக்கியிருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானுக்குரிய முகவரியில் இயங்கிய குவீர்.ஏஎஃப் என்ற பால்புதுமையர் சர்வரின் பெயரைத் தாலிபான் அரசு முடக்கியது. சிறு சர்வர்களின் நிர்வாகிகளும் தேவதூதர்கள் அல்லர். சிலர் குறுநில மன்னர்களாகவே நடந்துகொள்கிறார்கள், சண்டையில் சலித்துத் திடீரென்று மூடிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஆனாலும் குறுநில மன்னனிடமிருந்து அடுத்த ஊருக்கு நடந்தே போய்விடலாம், சக்கரவர்த்தியிடமிருந்து முடியாது.

இந்தியாவுக்கு இந்தக் கதை 2019 இறுதியில் வந்தது. உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டே தம் ட்விட்டர் கணக்கில் ஒரு பழைய புகைப்படத்தை வைத்திருந்தார்: 1936இல் ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்தில் எல்லாரும் நாஜி வணக்கம் வைக்க, ஒருவர் மட்டும் கைகட்டி நிற்கும் படம். நாஜிகளை எதிர்க்கும் அந்தப் படத்தையே வெறுப்புப் படமாகக் கொண்டு ட்விட்டர் கணக்கை முடக்கியது. அந்த நவம்பரில் இந்தியர்கள் கூட்டங்கூட்டமாக மாஸ்டடானில் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் சில வாரங்களில் திரும்பியும் விட்டார்கள். 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், தகவல் பரிமாற்றச் சேவை ஒவ்வொன்றுக்கும் ஒரு முதலாளி இருப்பார் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. 50 லட்சம் பயனர்களைத் தாண்டினால் இந்தியாவில் இணக்க அதிகாரி வேண்டும், செய்தியை முதலில் அனுப்பியவரைக் காட்டித்தர வேண்டும். அவற்றை எதிர்த்துக் கேரளத்துக் கட்டற்ற மென்பொருள் உருவாக்குநர் ஒருவர் உயர் நீதிமன்றம் போனார். 2023 மே மாதம் ஜம்மு-காஷ்மீரில் தீவிரவாதிகள் பயன்படுத்துவதாகச் சொல்லி மத்திய அரசு 14 செயலிகளைத் தடை செய்தபோது, அதில் எலிமென்ட், பிரையர் என்ற கட்டற்ற செயலிகளும் இருந்தன. பிரையருக்கு மைய சர்வரே கிடையாது. இணையம் அறுந்தாலும் புளூடூத் வழியே பக்கத்துக் கைபேசிக்குச் செய்தி போகும். அலுவலகமோ அதிகாரியோ இல்லாத பொதுக் கருவியை, இந்தியாவில் பிரதிநிதி இல்லாத கம்பெனியைப் போல நடத்தியதுதான் இந்தத் தடையின் பிழை. மூலநிரல் வெளியே இருக்கிறது. கெட்டிக்காரத் தீவிரவாதி வேறு பெயரில் தொகுத்துக்கொள்வான். கருவி இல்லாமல் நிற்பது சாதாரணக் காஷ்மீரிதான்.

பேச்சுரிமைக்காகத் தளங்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள் கேட்க வேண்டியது, இன்னாரை நீக்கியது சரியா தவறா என்பதை மட்டுமல்ல. நீக்கப்பட்டவர் தம் எழுத்தையும் வாசகர்களையும் எடுத்துக்கொண்டு போக முடிந்ததா என்பதையும் கேட்க வேண்டும். மாஸ்டடானே இதில் பாதிதான் தேறும். ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள், எழுதிய பதிவுகள் வரமாட்டா. ஃபேஸ்புக்கில் பின்தொடர்பவர்களும் வரமாட்டார்கள். ஆனால் பதிவுகளின் நகலை இறக்கிக்கொள்ளும் வசதி அமைப்புப் பக்கத்தில் இருக்கிறது. தமிழில் கவிதையும் கட்டுரையும் விவாதமும் பல ஆண்டுகளாக அங்கேயே எழுதி, வேறெங்கும் நகல் வைக்காதவர்கள் நம்மில் நிறையப் பேர். இந்த வாரமே அந்த நகலை இறக்கி, உங்கள் பெயரில் ஒரு சிறு தளத்திலோ, குறைந்தது வீட்டிலுள்ள ஒரு வன்தட்டிலோ சேமித்து வையுங்கள்.